உறைபனியில் நிற்கும் வண்டி... இன்ஜினைக் காப்பது எப்படி?

கேள்வி: ‘‘கேத்தி பாலாடா பக்கம் ஒன்றரை ஏக்கரில் கேரட், பீட்ரூட் பயிர் செய்கிறோம். காய்களை மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கொண்டு போக, பழைய டீசல் பிக்கப் வண்டி ஒன்று இருக்கிறது. ஷெட் கிடையாது. தோட்டத்துக்குக் கீழே, ஓடை ஓரத்தில் உள்ள சமதளத்தில்தான் இரவில் நிறுத்துவோம். போன அக்டோபரில் ரேடியேட்டர் ஹோஸ் வெடித்துவிட்டது. புது ஹோஸ் மாட்டி, ஓடைத் தண்ணீரை ஊற்றி ஓட்டினோம். நன்றாகத்தான் ஓடியது. ஜனவரியில் ஒருநாள் அதிகாலை, புல்தரை முழுக்க வெள்ளையாகக் கிடந்தது. லோடு ஏற்றிக் கிளம்பிய சில கிலோமீட்டரிலேயே டெம்பரேச்சர் முள் சிவப்புக்குப் போய், ஆவி கிளம்பி வண்டி நின்றுவிட்டது. ‘ஹெட் கேஸ்கட் போய்விட்டது’ என்றார் மெக்கானிக். அன்றைக்குக் காயும் மண்டிக்குப் போகவில்லை. அவ்வளவு குளிரில் இன்ஜின் எப்படிச் சூடாகும்? இந்தக் குளிர்காலத்தில் மறுபடியும் அப்படி ஆகாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?’’

- வாசகர், நீலகிரி மாவட்டம்

பதில்: கடிதத்திலேயே விடை இருக்கிறது. அக்டோபரில் ஊற்றிய ஓடைத் தண்ணீரும், ஓடை ஓரத்தில் நிறுத்திய இடமும்தான் காரணம்.

தண்ணீர் 0 டிகிரியில் உறையும். உறையும்போது அதன் கனஅளவு சுமார் 9 சதவிகிதம் பெருகும். மூடிய குழாய்க்குள் இருக்கும் தண்ணீர் அப்படிப் பெருகினால், எங்கே பலவீனமோ அங்கே வெடிக்கும். கடுங்குளிர் நாடுகளில் இன்ஜின் பிளாக்கே பிளந்துபோவது உண்டு. நீலகிரியில் சில மணி நேரம் மட்டுமே பூஜ்ஜியத்துக்குக் கீழே போவதால், கனமான இரும்பு பிளாக் அவ்வளவு சீக்கிரம் உறைவதில்லை. ஆனால், ரேடியேட்டரின் கதை வேறு. மெல்லிய குழாய்களும் தகடுகளும் சூட்டை வேகமாக வெளியேற்றுவதற்காகவே செய்யப்பட்டவை. அதனால் வண்டியில் முதலில் உறைவதும் அதுதான்.

காலையில் இன்ஜினைக் கிளப்பியதும் உள்ளே இருக்கும் தண்ணீர் சூடாகிறது. அந்தச் சூட்டைக் கொண்டுபோய் ரேடியேட்டரில் ஆற்ற வேண்டும். ரேடியேட்டரின் அடிப்பகுதியில் பனிக்கட்டி அடைத்துக்கொண்டிருந்தால் தண்ணீர் சுற்றி வராது. வெளியே கை விறைக்கும் குளிர்; உள்ளே இன்ஜின் கொதிக்கும். அந்தச் சூட்டில் ஹெட் லேசாக வளைந்தாலே கேஸ்கட் போய்விடும். வாசகரின் வண்டியில் நடந்ததும் இதுதான்.

நிறுத்தும் இடத்தைப் பாருங்கள்

எந்தப் பாத்தியில் கேரட் தழை முதலில் கருகும் என்பது மலை விவசாயிகளுக்குத் தெரியும். பள்ளத்தில் இருக்கும் பாத்திதான். மேகமும் காற்றும் இல்லாத இரவில், நிலம் தன் சூட்டை வானத்தை நோக்கி இழக்கிறது. நிலத்தை ஒட்டிய காற்று குளிர்ந்து கனமாகிறது. அந்தக் காற்று தண்ணீரைப்போலவே சரிவில் இறங்கி, பள்ளத்தில் தேங்கி நிற்கும். ஊட்டி நகரத்தில் 2, 3 டிகிரி என்று சொல்லும் நாளில்கூட, பள்ளத்தாக்கின் தரைமட்டத்தில் உறைபனி விழுந்து கிடப்பதற்கு இதுதான் காரணம்.

செடிக்கு என்ன நியாயமோ, அதுவேதான் வண்டிக்கும். எனவே...

ஓடை ஓரம், பள்ளம், திறந்த புல்தரை ஆகிய இடங்களில் நிறுத்த வேண்டாம். சரிவின் நடுப்பகுதியில் இடம் இருந்தால், அங்கே நிறுத்துங்கள். சரிவில் நிறுத்தும்போது கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல்லும் வைக்க வேண்டும்.

மரத்தடியில் உறைபனி விழுவது குறைவு. கிளைகள் வானத்தை மறைப்பதால் சூடு அவ்வளவு எளிதில் வெளியேறாது. காய்ந்த, ஒடியும் கிளைகள் உள்ள மரத்தைத் தவிர்க்க வேண்டும்.

வீட்டுச் சுவரை ஒட்டி நிறுத்துவது இன்னும் நல்லது. பகல் வெயிலில் சூடேறிய கல் சுவரும் செங்கல் சுவரும் இரவில் அந்தச் சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக விடும்.

வண்டியின் முகம் கிழக்கே பார்த்திருந்தால், முதல் வெயில் பானட் மேலேயும் ரேடியேட்டர் மேலேயும் விழும்.

நான்கு கால் நட்டு மேலே தகரமோ, தார்ப்பாயோ போட்ட பந்தல் இருந்தாலே போதும். பக்கவாட்டில் அடைக்காவிட்டாலும், வானத்தை மறைத்தாலே உறைபனியின் தாக்கம் பெருமளவு குறையும்.

தண்ணீர் அல்ல, கூலன்ட்!

நல்ல இடத்தில் நிறுத்துவதைவிடவும் முக்கியம், ரேடியேட்டரில் என்ன இருக்கிறது என்பதுதான். கூலன்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால், தண்ணீரை உறையவிடாது. பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் சுமார் மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. மூன்றில் ஒரு பங்கு கலந்திருந்தாலே மைனஸ் 15 டிகிரி வரை தாங்கும். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இது தாராளம். ‘கெட்டியாக ஊற்றினால் இன்னும் நல்லது’ என்று நினைத்து, தண்ணீரே கலக்காமல் ஊற்றக் கூடாது. கலக்காத கிளைக்கால் மைனஸ் 13 டிகிரியை ஒட்டியே உறைந்துவிடும். தண்ணீர் அளவுக்குச் சூட்டையும் கடத்தாது.

கூலன்ட் குளிருக்கு மட்டுமல்ல. கடல் மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் 93 டிகிரியை எட்டும் முன்பே கொதிக்கத் தொடங்கும். லோடோடு மலை ஏறும்போது ரேடியேட்டர் சட்டென்று கொதிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். கூலன்ட் கொதிநிலையை உயர்த்துகிறது. உள்ளே துரு பிடிக்காமலும் காக்கிறது. ரேடியேட்டர் மூடியின் ரப்பரும் ஸ்பிரிங்கும் நன்றாக இருந்தால்தான், உள்ளே அழுத்தம் நின்று கொதிப்பது தள்ளிப்போகும். ரப்பர் வெடித்திருந்தால் மூடியை மாற்றிவிட வேண்டும்.

பலரும் தவறு செய்வது கோடையில்தான். கல்லாறு, பர்லியாறு வழியாக மலை ஏறும்போது வண்டி சூடாகிறது என்று வழியோரத் தண்ணீரைப் பிடித்து ஊற்றுகிறார்கள். மூன்று நான்கு தடவை இப்படி ஊற்றினால், உள்ளே இருந்த கூலன்ட் நீர்த்துப்போகும். நிறம் கொஞ்சம் இருப்பதால் ‘கூலன்ட் இருக்கிறது’ என்று தோன்றும். பனிக்காலம் வந்ததும்தான் உண்மை தெரியும். நிறத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். கூலன்டின் கெட்டித்தன்மையை அளக்கும் சிறு கருவி பல பட்டறைகளில் உண்டு. ஐந்து நிமிட வேலைதான். பனி தொடங்கும் முன் ஒருமுறை அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.

புதிதாக ஊற்றுவதாக இருந்தால், பழைய தண்ணீரை முழுவதுமாக வடித்து, சுத்தமான தண்ணீர் விட்டு ஒருமுறை ஓட்டிக் கழுவி, மறுபடியும் வடித்த பிறகே ஊற்ற வேண்டும். கலந்தே வரும் கூலன்ட் என்றால் அப்படியே ஊற்றலாம். கலக்க வேண்டிய வகை என்றால், பேட்டரிக்கு விடும் டிஸ்டில்டு வாட்டரைத்தான் கலக்க வேண்டும். போர்வெல் தண்ணீர் உப்புப் படிந்து, மெல்லிய குழாய்களை அடைக்கும். வண்டியின் கையேட்டில் சொன்ன வகையை வாங்குங்கள். இரண்டு வகைகளைக் கலக்காதீர்கள். ஊற்றி முடித்ததும் இன்ஜினை ஓடவிட்டு, உள்ளே மாட்டிய காற்று வெளியேறிய பிறகு அளவைச் சரிபார்க்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கை: எத்திலீன் கிளைக்கால் கொடிய விஷம். ஆனால், இனிப்பாக இருக்கும். வடித்த கூலன்டைத் தரையிலோ ஓடையிலோ விட்டால், நாயோ கன்றுக்குட்டியோ நக்கிவிடும். அது சிறுநீரகத்தைக் கெடுத்து உயிரைப் பறிக்கும். மூடியுள்ள கேனில் பிடித்து, பட்டறையில் கொடுத்துவிடுங்கள். குழந்தைகள் கையில் படாமல் வையுங்கள். கால்நடை குடித்துவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே, அறிகுறிக்குக் காத்திருக்காமல் உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

மூடுவது எப்படி?

சாயங்காலம் வண்டி வந்து, கொஞ்சம் ஆறியதும் பானட்டின் மேல் பழைய கம்பளியோ, இரண்டு மூன்று சாக்கோ விரித்து, அதன் மேல் தார்ப்பாய் போட்டுக் கட்டலாம். ரேடியேட்டருக்கு முன்னால் ஓர் அட்டையைச் செருகலாம். எல்லாமே பானட்டுக்கு வெளியேதான் இருக்க வேண்டும். உள்ளே சாக்கோ வைக்கோலோ வைத்தால், சூடான சைலன்சர் குழாயில் பட்டுத் தீப்பிடிக்கும். எலியும் குடிவந்து ஒயரைக் கடிக்கும். காலையில் அட்டையை எடுக்க மறந்தால், இன்ஜின் சூடாகிவிடும். அதற்கு எளிய வழி உண்டு. அட்டையைச் செருகும்போதே ஸ்டீயரிங்கில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிடுங்கள். துணியை அவிழ்த்தால்தான் வண்டி கிளம்பும் என்று பழக்கப்படுத்திக்கொண்டால் மறதி வராது.

மூடுவது சூடு இறங்குவதைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். கூலன்டுக்கு அது மாற்று அல்ல.

காலையில் கிளப்பும் முறை

முதலில் வண்டிக்கு அடியில் ஏதாவது சொட்டியிருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே வெறும் தண்ணீர்தான் இருக்கிறது, ராத்திரி உறைபனி விழுந்திருக்கிறது என்றால், இன்ஜின் குளிர்ந்திருக்கும் அந்த நேரத்தில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்க்கலாம். பனிக்கட்டி தெரிந்தாலோ, ஹோஸை அழுத்தும்போது நறநறவென்று இருந்தாலோ, கிளப்பவே கூடாது. வெயில் ஏறும் வரை காத்திருங்கள். அவசரம் என்றால், வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியை ரேடியேட்டர் மேலும் ஹோஸ் மேலும் சுற்றலாம். கொதிநீரை ஊற்றக் கூடாது. பனி இளகிய பிறகு, கசிவு இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் கிளப்ப வேண்டும்.

டீசல் வண்டியில் சாவியைத் திருப்பியதும் சுருள் போன்ற ஹீட்டர் விளக்கு எரியும். அது அணையும் வரை பொறுங்கள். கியரை நியூட்ரலில் வைத்து, கிளட்சை மிதித்தபடி செல்ஃப் அடியுங்கள். குளிரில் கெட்டியான கியர் ஆயிலை இன்ஜின் சேர்த்து இழுக்க வேண்டியிருக்காது. ஒரு தடவைக்கு 10 விநாடிக்கு மேல் அடிக்க வேண்டாம். அரை நிமிடம் விட்டு மறுபடி முயலுங்கள்.

கிளம்பியதும் ஆக்ஸிலேட்டரை மிதித்து உறுமவிடுவது பலருக்கும் பழக்கம். ஆயில் மேலே ஏறும் முன்பே இரும்பும் இரும்பும் உரசும். டர்போ வண்டி என்றால் சேதம் இன்னும் அதிகம். அரை நிமிடம், ஒரு நிமிடம் நின்றபடி ஓடினால் போதும். பிறகு முதல் சில கிலோமீட்டர் மிதமாக ஓட்டினால், தானாகச் சூடேறிக்கொள்ளும். கால் மணி நேரம் நிறுத்தி ஓடவிடுவது டீசலுக்குத்தான் தண்டம்.

கிளம்பிய கொஞ்ச தூரத்திலேயே முள் ஏறினால், ‘மண்டிக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று நினைக்காமல், ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணைத்துவிடுங்கள். மலை இறக்கத்தில் ஓடும்போதே அணைக்கக் கூடாது. பிரேக்கின் பலம் குறைந்துவிடும். நிறுத்திய பிறகே அணைக்க வேண்டும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது.

ஆயில், பேட்டரி

ஆயில் டப்பாவில் 15டபிள்யூ-40 என்று இருப்பதில், ‘டபிள்யூ’ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும். அதற்கு முன் உள்ள எண் குறையக் குறைய, குளிரில் ஆயில் இளக்கமாக இருக்கும். 15டபிள்யூ வகை நீலகிரிக் குளிருக்குப் போதுமானது. கையேட்டில் சொன்ன எண்ணை மாற்ற வேண்டிய அவசியம் இல்லை. மாற்ற வேண்டிய காலம் தாண்டி, கறுத்துக் கெட்டியான ஆயில்தான் குளிரில் தொல்லை கொடுக்கும்.

பேட்டரியின் திறன் 0 டிகிரியில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். அதே நேரத்தில் கெட்டியான ஆயிலைச் சுழற்ற அதிக சக்தி தேவைப்படும். அதனால்தான் பழைய பேட்டரி கோடையில் தாக்குப்பிடித்து, மார்கழியில் கைவிடுகிறது. இரவு முழுக்க நின்ற வண்டியில் அளந்தால் 12.6 வோல்ட் இருக்க வேண்டும். 12.2 என்றால் பாதிதான் சார்ஜ் இருக்கிறது என்று அர்த்தம். முனைகளில் பூத்திருக்கும் வெள்ளை, பச்சைப் படிவத்தை வெந்நீரில் கழுவி, துடைத்து, இறுக்கி முடுக்கி, மேலே கொஞ்சம் வாஸ்லின் தடவுங்கள்.

செய்யக் கூடாதவை

டீசல் டேங்குக்கு அடியிலோ, இன்ஜினுக்கு அடியிலோ தீ மூட்டக் கூடாது. ஒரு சொட்டுக் கசிவு போதும், வண்டியே போய்விடும். அடைத்த ஷெட்டுக்குள் இன்ஜினை ஓடவிடக் கூடாது. புகையில் உள்ள கார்பன் மோனாக்ஸைடு வாசனை இல்லாமலேயே ஆளைக் கொல்லும். முன்கண்ணாடியில் வெந்நீர் ஊற்றினால் விரிசல் விடும். உறைந்த கண்ணாடியில் வைப்பரை ஓட்டினால் ரப்பர் கிழியும். இரவில் ஒரு சாக்கைக் கண்ணாடி மேல் போட்டுவைத்தால் இந்தத் தொல்லையே இல்லை.

கேள்வி: ‘‘குளிர்காலத்தில் டீசல் உறைந்துவிடும், மண்ணெண்ணெய் கலந்தால் சரியாகும் என்று பழைய டிரைவர்கள் சொல்கிறார்கள். கலக்கலாமா?’’

- வாசகர், கூடலூர்

பதில்: கலக்கக் கூடாது. டீசலில் இயற்கையாகவே மெழுகு இருக்கிறது. குளிரில் அந்த மெழுகு பிரிந்து, டீசல் கலங்கி, ஃபில்டரை அடைக்கும். வண்டி கிளம்பும், கொஞ்ச நேரத்தில் இழுவை இல்லாமல் நின்றுவிடும். மண்ணெண்ணெய் கலந்தால் மெழுகு இளகும் என்பது பழைய காலத்து மெக்கானிக் பம்ப்புகளுக்குச் சொன்ன வழி. இன்றைய வண்டிகளில் டீசல்தான் பம்ப்புக்கும் இன்ஜெக்டருக்கும் வழுவழுப்பைக் கொடுக்கிறது. மண்ணெண்ணெய்க்கு அந்த வழுவழுப்பு கிடையாது. பம்ப் தேய்ந்தால் செலவு பல ஆயிரம். கலப்படம் சட்டப்படியும் குற்றம்.

இந்தியத் தர விதிப்படி, கோடைக்கால டீசல் 18 டிகிரி வரையிலும், குளிர்கால டீசல் 6 டிகிரி வரையிலும் ஃபில்டரை அடைக்காமல் ஓட வேண்டும். அதனால் கோடையில் வாங்கிக் கேனில் போட்டுவைத்த டீசலைப் பனிக்காலத்தில் ஊற்றாதீர்கள். புதிதாகப் பிடித்த டீசலையே ஊற்றுங்கள். மைனஸ் 33 டிகிரி வரை தாங்கும் தனி வகை டீசலை, லடாக் போன்ற பகுதிகளுக்காக இந்தியன் ஆயில் நிறுவனம் 2019-ம் ஆண்டு அறிமுகப்படுத்தியது. தமிழ்நாட்டு மலைகளுக்கு அது தேவைப்படாது.

இங்கே மெழுகைவிடத் தண்ணீர்தான் பெரிய எதிரி. பாதி காலியான டேங்கில் இரவுக் குளிரில் நீர்த்துளிகள் படிந்து, டீசலோடு கலந்து ஃபில்டருக்குப் போகும். அங்கே உறைந்தால் வழியே அடைபடும். சாயங்காலமே டேங்கை நிரப்பிவிடுங்கள். ஃபில்டரின் அடியில் உள்ள திருகைத் தளர்த்தி, தேங்கிய தண்ணீரை வாரம் ஒருமுறை வடித்துவிடுங்கள்.

கேள்வி: ‘‘கொடைக்கானல் மேல்மலையில் பூண்டும் உருளைக்கிழங்கும் பயிர் செய்கிறோம். ஓடையில் வைத்திருக்கும் டீசல் பம்ப்செட் இரவில் வெளியிலேயே கிடக்கிறது. அதற்கும் பனியால் ஆபத்து உண்டா?’’

- வாசகர், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: வண்டியைவிட அதற்குத்தான் ஆபத்து அதிகம். ஓடைப் பள்ளத்தில், திறந்த வெளியில் கிடக்கிறது. பம்ப்பின் வார்ப்பிரும்புக் கூட்டுக்குள் தண்ணீர் நின்றால், உறைந்து விரிசல் விடும். வார்ப்பிரும்பு வளைந்து கொடுக்காது.

வேலை முடிந்ததும் பம்ப்பின் அடியில் உள்ள வடிகால் திருகைக் கழற்றி, தண்ணீரை முழுவதுமாக வடியவிடுங்கள். ஃபுட் வால்வு தண்ணீரைப் பிடித்துவைத்திருக்கும் என்பதால், தரைக்கு மேலே உள்ள உறிஞ்சு குழாயிலும் தண்ணீர் நிற்கிறதா என்று பாருங்கள். தண்ணீரால் குளிரும் இன்ஜினாக இருந்தால், சிலிண்டரைச் சுற்றியுள்ள தண்ணீரையும் வடிகால் குழாயைத் திறந்து வெளியேற்ற வேண்டும். காற்றால் குளிரும் இன்ஜினுக்கு இந்தப் பிரச்னை இல்லை. கழற்றிய திருகை, இன்ஜினைச் சுற்றிவிடும் கைப்பிடியில் கட்டித் தொங்கவிடுங்கள். மறுநாள் கைப்பிடியை எடுக்கும்போதே நினைவு வரும். மாட்டி, தண்ணீர் நிரப்பிய பிறகே ஓட்ட வேண்டும். பவர் ஸ்பிரேயரிலும் மருந்து அடித்து முடித்ததும் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவி, உள்ளே மிச்சம் இல்லாமல் வடித்துவிட வேண்டும்.

கார்த்திகை முடிவதற்குள்...

கூலன்டை அளந்து பாருங்கள். ரேடியேட்டர் மூடி, ஹோஸ், பெல்ட் மூன்றையும் பாருங்கள். பேட்டரியைச் சோதியுங்கள். டீசல் ஃபில்டரை மாற்றுங்கள். வண்டி நிறுத்தும் இடத்தைப் பள்ளத்திலிருந்து மேலே மாற்றுங்கள். இத்தனைக்கும் அரை நாள் வேலையும், ஒரு மூட்டை உரத்துக்கு ஆகிற அளவு செலவும்தான். ஹெட்டை இறக்கிப் பழுதுபார்க்கும் செலவோடும், ஒருநாள் லோடு மண்டிக்குப் போகாமல் வாடும் நஷ்டத்தோடும் ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை.